மூணாவது ஷிஃப்டில் பாடியவள்

2019 ஜூலை 22, திங்கள்

காலை பத்தேகாலுக்கு டாக்டர் உள்ளே அழைத்தார். பயாப்சி முடிவு வந்துவிட்டது. என் மனைவி வயலட்டின் குரல்வளையை முழுவதும் எடுக்க வேண்டும். பாதியை விட்டுவைக்க இடமில்லை. அறுவைக்கு ஆகஸ்ட் 14, புதன்கிழமை. கழுத்தின் முன்பக்கம் ஒரு துளை போடுவார்கள். இனி மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு இருக்காது.

வயலட் அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள். "காப்பி குடிக்கலாமா?" சில வாரங்கள் கழித்துக் குடிக்கலாம். "கத்தலாமா?" டாக்டர் சிரிக்கத் தொடங்கினார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார். முடியாதும்மா என்றார்.

அயனாவரம் சிக்னலில் ஆட்டோ நின்றபோது சொன்னாள்: "இன்னும் இருபத்து மூணு நாள், சாம். கேக்க வேண்டியது எதுனா பாக்கி இருந்தா இப்பவே கேட்டுக்கோ. அப்புறம் பதில் வராது." மார்ச்சிலிருந்து கரகரத்துப்போன குரல்தான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார்.

என் பெயர் சம்பந்தம். நாற்பது வருடமாக அவளுக்கு நான் சாம்.

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. நான்காம் எண் வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஆறு குடம் பிடித்து வந்தேன்.

ஜூலை 24, புதன்

தமயந்தி என்ற பெண் வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சாலிகிராமத்தில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறாள். வயலட்டின் ஒரே இசைத்தட்டான 'மூணாவது ஷிஃப்ட்'டை மறுபடி வெளியிடப் போகிறார்கள். பம்பாயில் ஒரு கிடங்கில் அசல் ஒலிநாடாக்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றைத் துடைத்துச் சரிசெய்யும் வேலை இவளுடையது.

இசைத்தட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: 1973 மே மாதம் 10, 11, 12 ஆகிய மூன்று நாள்களில் மதராஸில் பதிவானது. எட்டு ஜாஸ் பாடல்கள். ஆறு ஆங்கிலம், இரண்டு தமிழ். அப்போது வயலட் சவரிமுத்துவுக்கு இருபத்தாறு வயது. கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கக் கூண்டை இறக்கி ஏற்றும் எந்திரத்தை ஓட்டியவர். அங்கே கிளப்பில் சனிக்கிழமை நடனத்துக்குப் பாடத் தொடங்கி, மதராஸ் ஓட்டல் ஒன்றில் தினமும் பாடும் பாடகியானவள். தலைப்புப் பாடலை அவளே எழுதினாள். அதில், மூன்றாவது ஷிஃப்ட் முடியும்போது சுரங்க வாயிலில் பெண்கள் நின்று, மேலே வரும் ஆண்களை எண்ணுகிறார்கள்.

கூண்டு மேல வருது, எண்ணிக்கோ அக்கா,
உன்னோடது ஒண்ணு, என்னோடது ஒண்ணு.

இவ்வளவுதான் பல்லவி. அந்த 'அக்கா'வைத் தாளத்துக்குப் பின்னால் இழுத்து, உச்சியில் கொண்டுபோய் நிறுத்துவாள்.

"நான் ஜாஸ் பாடக் கத்துக்கிட்டதே இந்த ரெக்கார்டுலதான் ஆன்ட்டி" என்றாள் தமயந்தி. "நான் மட்டும் இல்ல. இன்னிக்கு பெங்களூரு, பாம்பே எங்க போனாலும் ஜாஸ் பாடுற பொண்ணுங்க முதல்ல இந்த எட்டுப் பாட்டத்தான் எடுப்பாங்க. ஷில்லாங்லேர்ந்து வந்த ஒருத்தி கோலார் தமிழ்ல பாடுறா."

"உச்சரிப்பு எப்படி?"

"கொடுமை."

வயலட் சிரித்தாள், இருமல் வரும்வரை.

"ஆனா அந்த 'அக்கா' மட்டும் எங்க யாருக்கும் சுலபமா வராது ஆன்ட்டி. தொண்டை கிழியும்."

"எனக்கும் வரல கண்ணு" என்றாள் வயலட். "அந்த மூணு நாள்தான் வந்துச்சு போல. அப்புறம் எந்த மேடையிலயும் வரல. கர்த்தர் குடுத்தார், எடுத்துக்கிட்டார்னு விட்டுட்டேன்."

உறையில் அச்சிட ஒரு கட்டுரை வேண்டுமாம். முப்பத்தைந்து வருடம் நிருபராக இருந்தவன், அவள் கணவன். நான்தான் எழுத வேண்டும் என்று தமயந்தி சொன்னாள். வயலட் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். ஒப்புக்கொண்டேன்.

ஜூலை 25, வியாழன்

லாரி வந்தது. இரண்டு டிரம் நிரப்பினேன். இடுப்பு வலி.

ஜூலை 27, சனி

கட்டுரைக்குக் குறிப்பு எடுத்தேன். இசைத்தட்டு 1974 ஜனவரியில் வெளிவந்தது. ஏழு மாதம் நன்றாகப் போயிற்று. ஆகஸ்ட் 17 சனிக்கிழமை, நகர மண்டபம் ஒன்றில் அவளுடைய கச்சேரி. 19 திங்களன்று ஒரு தமிழ் நாளிதழில் இருபத்திரண்டு வரிச் செய்தி. தலைப்பு: 'இசைத்தட்டில் பாடியது யார்?'

செய்தியின் சாரம் இது. இசைத்தட்டில் கேட்கும் குரல், மேடையில் கேட்ட குரலைவிடக் கிட்டத்தட்ட அரைக் கட்டை உயரம். தலைப்புப் பாடல் தட்டில் மூன்று நிமிடம் நாற்பத்தொரு விநாடி, மேடையில் மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. தட்டில் உள்ளது மெல்லிய, இளைய குரல். கம்பெனி அதிகாரி கருத்துச் சொல்ல விரும்பவில்லை, மறுக்கவும் இல்லை.

ஆங்கிலப் பத்திரிகைகளும் அதே கேள்வியைக் கேட்டன. வேறொரு பெண் பாடித் தந்தாள் என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. ஓட்டலில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இரண்டாவது இசைத்தட்டு நின்றுபோனது. தட்டில் உள்ள உயரத்தை எப்படியாவது தொட்டுக்காட்ட வேண்டும் என்று வயலட் எட்டு மாதம் வீட்டில் பயிற்சி செய்தாள். ஒருநாள் எச்சிலில் ரத்தம் வந்தது. அதோடு விட்டாள். பிறகு தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை, இருபத்தெட்டு வருடம்.

செய்தியில் எழுதியவர் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் போடும் வழக்கம் கிடையாது. 'நமது நிருபர்' என்று மட்டும் இருக்கும்.

எங்கள் வீட்டில் அது ஒரு சொல்லாகிவிட்டது. பாலில் தண்ணீர் கலந்திருந்தால் "இன்னிக்கு நமது நிருபர் பால்" என்பாள் வயலட். வானிலை அறிக்கை பொய்த்தால் நமது நிருபர். பக்கத்து வீட்டு மிக்ஸி ரிப்பேர்க்காரரை நேரிலேயே அப்படிக் கூப்பிட்டாள்; அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். நானும் சிரிப்பேன்.

ஜூலை 30, செவ்வாய்

வயலட் தூங்கிக்கொண்டிருந்தாள். மதியம் மூன்று மணிக்குத் தமயந்தி போன் செய்தாள். மூச்சு வாங்கப் பேசினாள்.

"அங்கிள், அந்தக் குரல் ஏன் அவ்வளவு உயரத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன். டேப் தப்பான வேகத்துல ஓடியிருக்கு."

புரியவில்லை என்றேன். நிதானமாகச் சொல்லச் சொன்னேன். எழுதிக்கொண்டேன்.

பியானோ வாசித்த டக்ளஸுக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு நாடாவும் ஓடத் தொடங்கியதும், சுதி பார்க்கும் இரும்புக் கவையைப் பியானோ மூலையில் தட்டி மைக்கின் முன்னால் பிடிப்பார். அந்தக் கவை நொடிக்கு 440 அதிர்வு என்று அளந்து செய்தது. வெயிலோ மழையோ அது மாறாது. நாடாவில் அந்த ஒலி 458 ஆகக் கேட்கிறது. ஆறு நாடாக்களிலும் அப்படியே. இசைத்தட்டில் இந்த ஒலியை வெட்டிவிட்டார்கள். அதனால் யாரும் கேட்டதில்லை.

"ரெக்கார்டு பண்ற மெஷின் மோட்டார், கரண்ட் நொடிக்கு எத்தனை சைக்கிள் வருதுங்கறத வச்சுதான் சுத்தும் அங்கிள். ஐம்பது வரணும். அன்னிக்கு நாப்பத்தெட்டுதான் வந்திருக்கு. நாடா மெதுவா ஓடியிருக்கு. தட்டு வெட்டின ஊர்ல கரண்ட் சரியா ஐம்பது. அங்க போட்டா வேகமா ஓடும்ல? ஆன்ட்டி குரல் மேல போயிடுச்சு, பாட்டு சுருங்கிடுச்சு. நாங்க எல்லாரும் இருபது வருஷமா மனுஷர் யாரும் பாடாத சுதியில பாடக் கஷ்டப்பட்டுட்டு இருந்திருக்கோம்." சிரித்தாள். "சரி பண்ணி எடுத்துட்டு வரேன். ஆபரேஷனுக்கு முன்னாடி போட்டுக் காட்டணும். அதுவரைக்கும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

சொல்லவில்லை.

மூன்று நிமிடம் ஐம்பது விநாடியை நாற்பத்தெட்டால் பெருக்கி ஐம்பதால் வகுத்தேன். மூன்று நிமிடம் நாற்பத்தொரு விநாடி வருகிறது.

ஜூலை 31, புதன்

அந்தச் செய்தியை எழுதியவன் நான்.

இதை எந்தத் தாளிலும் இதுவரை எழுதியதில்லை. முழுவதும் எழுதிவிடுகிறேன்.

கச்சேரி அன்று கலைப்பகுதி பார்ப்பவர் விடுப்பில் இருந்தார். நகரச் செய்தி பார்த்த என்னை அனுப்பினார்கள். எனக்கு வயது முப்பது. மேடையில் கேட்ட குரலுக்கும் தட்டில் கேட்டிருந்த குரலுக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஊகத்தில் எழுதக் கூடாது என்று ஞாயிறு முழுவதும் செலவிட்டேன். ஆர்மோனியம் வைத்திருந்த நண்பன் வீட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கச்சேரியில் இருந்த வயலின்காரரைக் கேட்டு மேடைச் சுதியை உறுதிசெய்தேன். கச்சேரியிலேயே கைக்கடிகாரத்தில் நேரம் குறித்திருந்தேன். தட்டுக்கு மூன்று முறை விநாடிக் கடிகாரம் வைத்தேன். கம்பெனி ஆளிடம் போனில் கேட்டேன். அந்தச் செய்தியில் உள்ள எண்கள் எல்லாம் சரி. இன்றைக்கும் சரி.

அவளிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதானே சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

இன்று காலை பரணில் இருந்து என் செய்தி நறுக்குகள் ஒட்டிய நோட்டை எடுத்தேன். 1973 மே 11. மின்சாரத் தட்டுப்பாடு பற்றி முதல் பக்கத்தில் வந்த செய்தி. 'நகரில் மின்னோட்டம் ஐம்பதிலிருந்து நாற்பத்தெட்டு சைக்கிளுக்கு இறங்கியுள்ளது. மின்சாரக் கடிகாரங்கள் மணிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்குகின்றன.' அதையும் எழுதியவன் நான். நல்ல செய்தி என்று ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னது நினைவிருக்கிறது. இரண்டு செய்திக்கும் இடையே நோட்டில் இருபத்தேழு பக்கம்.

1977இல் வேலூருக்கு டிரங்க் கால் பதிவு செய்தபோது ஆபரேட்டர் குரலை அடையாளம் கண்டேன். பார்க்கப் போனேன். 1979இல் கல்யாணம். நடுவில் சொல்லியிருக்கலாம். பல நாள் இருந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வயலட் மாதா கோயிலிலிருந்து வந்ததும் போனில் வாக்கியங்களைப் பதியத் தொடங்கினாள். மருத்துவமனையில் சொன்ன யோசனை. அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களைச் சொந்தக் குரலில் வைத்துக்கொண்டால், பிறகு பொத்தானை அழுத்திக் கேட்கவைக்கலாம்.

நான் ஒரு பட்டியல் எழுதித் தந்தேன். தண்ணீர், வலிக்கிறது, ஃபேன். வாங்கிப் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"இது ஆஸ்பத்திரி லிஸ்ட். வீட்டுக்கு வேண்டியது வேற." போனை வாயருகே பிடித்தாள். "சாம், செருப்ப வெளிய விடு." "சாம், உப்பு பத்தல." "சாம், நீ பொய் சொல்ற, மூக்கு செவக்குது." "எட்னா வர்றா, நல்ல சட்டை போடு." எட்னா அவள் தங்கை. பெங்களூரில் இருக்கிறாள்.

"திட்டெல்லாம் முதல்ல முடிச்சிடறேன். அதுதான் அவசரத்துக்கு வேணும்."

முப்பத்தெட்டு வாக்கியம் ஆயிற்று. நான் எண்ணினேன். நான் சொல்லப்போவதைக் கேட்டதும் பதிலாக அழுத்தக்கூடியது அதில் எதுவும் இல்லை. அதைச் சொன்னால் அவள் என்ன பதில் சொல்வாள் என்று எனக்கே தெரியவில்லை. அவளுக்குக் குரல் இருக்கும்போதே சொல்ல வேண்டும். அவ்வளவு தெரிகிறது.

பத்து நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வயலட்டுக்கு ரத்தப் பரிசோதனை. சர்க்கரை 142. அந்தச் செய்தி விஷயத்தை இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் சொல்லிவிடுவது என்று எழுந்தேன். ஏழு மணிக்கு அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"வயலட், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்த 74 நியூஸ்…"

"நமது நிருபரா? இன்னா, செத்துட்டானா?"

"தெரியல."

"இருந்தா உன் வயசு இருக்கும்." காம்புகளைத் தனியாக ஒதுக்கினாள். "நீ ஒருத்தன்தான் சாம் அதப் பத்தி என்கிட்ட எதுவுமே கேக்காதவன். மத்தவன் எல்லாம், நம்மாளுங்க உட்பட, நிஜமா நீதானா பாடினதுன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கான். என் அப்பா கேட்டார். டக்ளஸே ஒருநாள் குடிச்சிட்டுக் கேட்டான், கூட வாசிச்சவன். நீ கேட்டதே இல்ல. அதுக்குத்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன், தெரியுமா?"

கட்டுரையைப் பற்றி ஏதோ சொல்லி எழுந்துவிட்டேன்.

நான் கேட்காததற்குக் காரணம் வேறு. எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்திருந்தேன். சின்ன வயது, கம்பெனி சொன்னதைச் செய்திருப்பாள், அதற்கு அனுபவித்தும்விட்டாள், நான் அதைக் கிளறக் கூடாது. இப்படித்தான் நினைத்தேன். அவளை மன்னித்துவிட்டிருந்தேன். நாற்பது வருடம் இந்த வீட்டில் அந்தத் தட்டை நான் போட்டதில்லை.

லாரி வந்தது. ஒரு டிரம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பதினொரு மணிக்குத் தமயந்தி வந்தாள். கையில் சின்ன ஸ்பீக்கர். நாளை காலை ஆறரைக்கு அறுவை. இன்று மாலை நான்கு மணிக்குச் சேர வேண்டும். பை கட்டியாயிற்று.

வயலட்டை உட்காரவைத்து, வேகம் பற்றி எல்லாவற்றையும் தமயந்தியே விளக்கினாள்.  "போடு" என்றாள் வயலட்.

முதலில் 'டிங்' என்று ஒரு ஒலி.

"டக்ளஸோட ஃபோர்க்" என்றாள் வயலட்.

பிறகு பாட்டு. நான் ஜன்னலருகே நின்றேன். நான்கு விநாடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. 1974 ஆகஸ்ட் 17 அன்று நான் மண்டபத்தில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து கேட்ட குரல். டிரங்க் காலில் கேட்ட குரல். வேறு யாரும் இல்லை.

வயலட் அழவில்லை. மேசை விளிம்பில் ஒரு விரலால் தாளம் போட்டாள். 'அக்கா' வரும் இடத்தில் வாயைத் திறந்தாள். காற்றுதான் அதிகம், குரல் கொஞ்சம்தான். ஆனால் போய்ச் சேர்ந்தது. ஸ்பீக்கரில் இருந்த அக்காவும் இந்த அக்காவும் ஒரே இடத்தில் நின்றன.

"சேருது பாத்தியா சாம்" என்றாள். "என்கிட்டதான் இருந்திருக்கு. எங்கயும் போகல."

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த நியூஸ் எழுதின ஆள் இருந்தா இதைப் போட்டுக் காட்டணும் ஆன்ட்டி."

"அவன் காது நல்ல காது. தட்டுல இருந்தது என் குரல் இல்லன்னு கண்டுபிடிச்சிருக்கான் பாரு. நானே கண்டுபிடிக்கல." ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தாள். "அவன்கிட்ட சொல்ல ஒண்ணு வச்சிருக்கேன். நாப்பத்தஞ்சு வருஷமா. பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பாப்பேன். இன்னியோட சரி."

"என்னது?"

"அது அவனுக்கு மட்டும்."

தமயந்தி ஒன்றே காலுக்குப் போனாள். மாலை நான்கு வரை இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது. வயலட்டுக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தேன். மாத்திரைச் சீட்டுகளைச் சரிபார்த்தேன். ஆதார் அட்டை நகல் எடுக்கத் தெருமுனைக்குப் போனேன். மின்வெட்டு என்று அங்கே நாற்பது நிமிடம் காத்திருந்தேன். இன்னொரு கடை இரண்டாவது தெருவில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும்.

ஆட்டோவில் அவள் பாடிக்கொண்டே வந்தாள்.

ஆகஸ்ட் 14, புதன்

உள்ளே அழைத்துப்போனது 6.40. வெளியே வந்தது மதியம் 2.15. நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். உள்ளே போகும்முன் கடைசியாக அவள் சொன்னது: "மூக்குக் கண்ணாடிய பத்திரமா வை."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வார்டுக்கு மாற்றி நான்கு நாள். எழுதி அழிக்கும் சிறிய வெள்ளைப் பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவள் எழுத்து எப்போதும் பெரிது. பலகையில் நான்கு சொல்லுக்கு மேல் கொள்ளவில்லை. குழாய் வழியாகத்தான் உணவு. கழுத்துத் துளையைச் சுத்தம் செய்வதை நர்ஸ் எனக்குக் காட்டிக்கொடுத்தார். முதல் முறை துளைக்குப் பக்கத்தில் வைத்தேன். வயலட் என் மணிக்கட்டைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள்.

பதிந்து வைத்த வாக்கியங்களில் ஒன்றை இன்று போனில் அழுத்தினாள். "சாம், உப்பு பத்தல." எதிர்க் கட்டில் அம்மாள் சிரித்துவிட்டார். வயலட்டும் சிரித்தாள். சத்தம் இல்லாமல் தோள் குலுங்கியது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி. எதிர்க் கட்டில் அம்மாளை ஸ்கேனுக்கு அழைத்துப்போயிருந்தார்கள். வயலட்டுக்கு உடம்பு தேறிவிட்டது என்பதால் சொன்னேன் என்று எனக்கு நானே காரணம் வைத்திருந்தேன்.

"அந்தச் செய்தி எழுதினது நான்தான், வயலட்."

புரியாதவள்போல் பார்த்தாள். தேதி, தலைப்பு, ஆர்மோனியம், விநாடிக் கடிகாரம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். செய்தி சொல்வதுபோலத்தான் சொல்ல வந்தது. 73இல் நானே எழுதிய மின்சாரச் செய்தியையும் சொன்னேன். எதையும் விடவில்லை. ஒன்பது நிமிடம் ஆகியிருக்கும்.

பலகையை எடுத்தாள். 'ஸ்பீடு விஷயம் எப்ப தெரியும்?'

"ஜூலை முப்பது."

அழித்தாள். 'இன்னிக்கு என்ன தேதி?'

 தேதி அவளுக்கே தெரியும்.

மறுபடி அழித்தாள். இந்த முறை வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எழுத்தைச் சின்னதாக்கி எழுதினாள், எல்லாம் கொள்ள வேண்டும் என்று. 'கல்யாணத்தன்னிக்கு யார் பாடினதுன்னு நெனச்ச?'

பலகையை என் பக்கம் திருப்பி மடியில் நிறுத்திக்கொண்டாள்.

நான் தரையைப் பார்த்தேன். நர்ஸ் குழாய் உணவு கொண்டுவந்தார். அதுவரை அவள் பலகையை இறக்கவில்லை. நர்ஸ் அதைப் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் பழைய கதை பேசுறீங்களா?" என்றார்.

அவர் போனதும் கேட்டேன். "அவன்கிட்ட சொல்ல ஒண்ணு வச்சிருந்தேன்னு சொன்னியே. எழுதிக் காட்டு. எதுவா இருந்தாலும் சரி."

அவள் அந்தக் கேள்வியைத் தன் உள்ளங்கையால் அழித்தாள். துணி பக்கத்திலேயே இருந்தது. பிறகு எழுதினாள்: 'அது எழுதறது இல்ல.'

ஆகஸ்ட் 24, சனி

பலகையில் இன்று எழுதியவை: தண்ணி. தலகாணி. ஜன்னல். எட்னாவ வரச்சொல்லு.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

எட்னா வந்துவிட்டாள். கழுத்துத் துளையைச் சுத்தம் செய்ய அவளும் கற்றுக்கொண்டாள். சுத்தம் செய்ய நான் எழுந்தபோது வயலட் எட்னா பக்கம் கை காட்டினாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மருத்துவமனையிலிருந்து விடுவித்தார்கள். டாக்ஸி அயனாவரம் வீட்டுக்கு வரவில்லை. நேராக சென்ட்ரலுக்குப் போயிற்று. "உடம்பு தேறுற வரைக்கும் எங்ககூட இருக்கட்டும் மாமா. பெங்களூர் குளுமை அவளுக்கு நல்லது" என்றாள் எட்னா. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை. ரயில் கிளம்பும்வரை ஜன்னலுக்கு வெளியே நின்றேன். வயலட் கழுத்தில் நீலத் துணி சுற்றியிருந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டு, தலையை ஒருமுறை அசைத்தாள். தெரியாத ஒருவர் ஒரு பொருளை எடுத்துக் கொடுத்தால் அசைப்போமே, அப்படி.

செப்டம்பர் 7, சனி

உறைக்கு நான் கட்டுரை எழுதவில்லை என்று தமயந்தியிடம் சொல்லிவிட்டேன். அவள் காரணம் கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். எந்த வேகத்தில் வெளியிடுவது என்று வயலட்டைக் கேட்டாளாம். வயலட் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறாள்: இரண்டும் வேண்டும், பழையதில் பாடக் கற்ற பெண்கள் என்ன செய்வார்கள் பாவம்.

எனக்குக் குறுஞ்செய்தி வரவில்லை. நான் அனுப்பிய நான்கிலும், படித்ததற்கான நீலக் குறி விழுந்திருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலை பதினொன்றரைக்கு எட்னா வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டேன். ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் பேச வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

"குடுக்கறேன் மாமா. காதுல வச்சுப்பா" என்றாள் எட்னா. ரிசீவர் கைமாறும் சத்தம் கேட்டது. நான் ஹலோ சொன்னேன்.

சொன்னேன். கல்யாணத்தன்று வேறு யாரோ பாடியதாகத்தான் நினைத்திருந்தேன் என்று. மனைவி என்று ஆன பிறகும் அப்படித்தான் என்று. ஏமாற்றியவள் என்று நினைத்துக்கொண்டே நேசித்தேன், அதைப் பெருந்தன்மை என்று நம்பினேன். அவள் 'நான்தான் பாடினேன்' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன், ஒருமுறையும் நம்பவில்லை. அறுவைக்கு முந்தைய நாள் மதியம் இரண்டாவது தெருக் கடைக்குப் போகாமல் நின்றேன். அவள் பதில் சொல்ல முடியாத நாளுக்காகத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. இது எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் இரண்டு முறை நிறுத்தினேன். மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். கழுத்து வழியாக மூச்சு விடுபவர்களுக்கு ரிசீவரில் மூச்சு கேட்காது என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்தேன். பதினொரு நிமிடம்.

"மாமா?" எட்னாவின் குரல். "லைன்லயா இருக்கீங்க? வச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

"வயலட் எங்க?"

"வெளிய, செடிக்குத் தண்ணி ஊத்தறா."

"எப்பப் போனா?"

எட்னா தயங்கினாள். "நீங்க ஹலோ சொன்னதுமே ரிசீவர டேபிள்ல வச்சிட்டு எழுந்துட்டா மாமா. நான் அடுப்பப் பாக்கப் போயிட்டேன்."

கூப்பிடச் சொன்னேன். போனாள். திரும்பி வர இரண்டு நிமிடம் ஆயிற்று. வேண்டாம் என்று தலையாட்டுகிறாளாம்.

"அவகிட்ட என்ன சொல்லணும்? என்கிட்ட சொல்லுங்க. பேனா வச்சிருக்கேன், அப்படியே எழுதிக் காட்டறேன்."

சொல்ல வாயெடுத்தேன். எட்னா கையில் பேனாவோடு காத்திருந்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றேன். "இங்க நல்ல மழைன்னு சொல்லு. டிரம் எல்லாம் நிரம்பிடுச்சுன்னு."

அயனாவரத்தில் இன்று மழை இல்லை.